சாம்பாரில் பருப்பும் செத்துப்போன தாய்மாமனும்

என் மகளின் பள்ளியிலிருந்து செய்தி வந்தால் நான் முதலில் உட்கார்ந்துகொள்வேன். அதற்குப் பிறகுதான் திறந்து படிப்பேன். காய்ச்சலா, விழுந்துவிட்டாளா, வேனை விட்டுவிட்டாளா என்று எல்லாவற்றுக்கும் மனதிற்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டு செவ்வாய்க்கிழமை திறந்த செய்தி இது: "மேடம், உங்க பொண்ணு லஞ்ச் டைம்ல ஒரு பாட்டு பாடறா. இப்போ ஃபுல் கிளாசும் டிபன் பாக்ஸ தட்டிக்கிட்டுப் பாடறாங்க. வீட்டில் கொஞ்சம் கவனிக்கவும்."

கூடவே ஒரு ஒலிப்பதிவு. காதோடு வைத்துக் கேட்டேன். முதலில் என் மகளின் குரல், தனியாக, கணீரென்று:

"சாம்பாருல பருப்பு எங்கடா?"

அதற்கு ஒரு வகுப்பே பதில் சொல்கிறது: "சூப்பர்வைசர் பாக்கெட்லடா!"

யூ.கே.ஜி. படிக்கும் குழந்தைக்கு சூப்பர்வைசர் என்றால் மனிதனா மிருகமா என்றே தெரியாது. பாட்டு போன வழி எனக்குத்தான் தெரியும். அடிப்பிடித்த வாணலியைத் தேய்க்கும்போது மட்டும் நான் அதைப் பாடுவேன். குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் வாணலி அடிக்கடி அடிப்பிடிக்கிறது என்பதையும் நீங்கள் இதிலிருந்து தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

இரண்டு நாளாகியும் ஆசிரியைக்குப் பதில் அனுப்பவில்லை. "ஸாரி மேம்" என்று அடித்தேன். எதற்கு ஸாரி, பாட்டு நல்ல பாட்டுதானே என்று தோன்றியது, அழித்தேன். "அது ஒரு நாட்டுப்புறப் பாடல் மேம்" என்று அடித்தேன். அது பொய் என்பதால் அழித்தேன். பதிலை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று கருவாடு வறுக்கப் போனேன். நாங்கள் இருப்பது வேப்பம்பட்டில், அடுக்குமாடிக் குடியிருப்பு. இங்கே கருவாடு வறுப்பதென்றால் ஜன்னல்களையெல்லாம் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, ஏதோ வெடிமருந்து தயாரிப்பதுபோல் வறுக்க வேண்டும். எண்ணெயில் முதல் துண்டு விழுந்து வாசனை எழுந்ததும் நான் வேப்பம்பட்டில் இல்லை. கும்மிடிப்பூண்டி பஜாரில், பாய் கடையின் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

பாய் என்றால் பஷீர் பாய். பழவேற்காட்டுக்காரர். குடும்பத்துக்குக் கருவாடு, இறால் வியாபாரம். இவருக்கு மட்டும் பாட்டுப் பைத்தியம். கடையின் முன்பக்கம் செல்போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ், கேசட் பதிவு. பின்பக்கம் வாப்பாவின் கருவாட்டுக் கிடங்கு. அந்தக் கிடங்குதான் பேஜார் ரெக்கார்ட்ஸ் கம்பெனியின் தலைமை அலுவலகம், ஒலிப்பதிவுக் கூடம், எல்லாம். கருவாடு தொங்கும் கொக்கியிலேயே மைக்கும் தொங்கும். ஈ மொய்த்தால் அதுவும் பதிவாகும்.

கேசட் செத்துக்கொண்டிருந்த, சிடி இன்னும் ஒழுங்காகப் பிறக்காத வருஷங்கள் அவை. சிப்காட்டில் ஏதோ இயந்திரம் பொருத்த வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர், ஊருக்குப் போகும்போது ஒரு டப்பா நிறையக் கேசட்டைப் பாயிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்த பாடகன் பல்வலிக்காரன்போலக் கத்தினான். கிடாரைத் துணி துவைப்பதுபோல அடித்தார்கள். எனக்குத் தலைவலி வந்தது. பாய்க்குக் கண் கலங்கியது.

"இதுக்குப் பேரு பங்க் ராக்காம்மா. பாடத் தெரிஞ்சவன் பாட வேணாம், கோபம் இருக்கறவன் பாடினா போதும்ன்றான். நம்ம சிப்காட்ல கோபத்துக்கா பஞ்சம்?"

அன்றைக்கு அவர் தொடங்கியதுதான் பேஜார் ரெக்கார்ட்ஸ். இந்த வட்டாரத்தில் கத்துகிறவர்களையெல்லாம் கத்தியபடியே பதிவு செய்வது. ஆரம்பாக்கத்துப் பையன்கள் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாக ரயில் தாமதத்தைத் திட்டிப் பாடிய கேசட் ஒன்று. லேத் பட்டறைக்காரர் ஒருவர் தன் முதலாளியைப் பெயர் சொல்லாமல் அரைமணி நேரம் திட்டிய கேசட் ஒன்று. அதில் இசையே கிடையாது, லேத் மட்டும்தான். பாய் அதையும் பாட்டு என்றார்.

எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கே அது சரியாகப் புரிந்ததில்லை. பி.காம். முடித்துவிட்டு, இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில்லில் டைம் ஆபீஸில் சேர்ந்திருந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் லீவு என்று பார்ப்பது வேலை. அப்பா திருவள்ளூரில் அரசு அலுவலகத்தில் கிளார்க். விடிவதற்குள் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் கவரைப்பேட்டைக்குத் திரும்புவார். அவர் போனுக்கு ரீசார்ஜ் செய்ய பாய் கடைக்குப் போனபோது, நான் நம்பரைச் சொன்ன விதத்தைக் கேட்டுவிட்டு பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, ஸ்டேஷன்ல அனவுன்ஸ் பண்றவங்க மாதிரி பேசறியே, எங்க கம்பெனிக்கு அனவுன்ஸ்மென்ட் தருவியா?"

பள்ளியில் திருக்குறள் ஒப்பிப்பதில் பரிசு வாங்கியவள் நான். யாராவது பொறுப்பாக எதையாவது சொல்லச் சொன்னால் மறுக்கத் தெரியாது. ஒவ்வொரு கேசட்டின் தொடக்கத்திலும் என் குரல் வந்தது அப்படித்தான். பாய்க்கு ஒரு கொள்கை உண்டு: பாடியது யார், என்ன வேலை செய்கிறவர், எந்த இடம், என்ன நாள், என்ன நேரம், பின்னால் கேட்கிற சத்தம் என்ன, எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொல்லிவிட வேண்டும். பிறகு கேசட்டின் முதுகிலிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் ஸ்குரூ டிரைவரால் உடைத்துவிடுவார். பல் உடைந்த கேசட்டில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது, உங்களுக்கு நினைவிருக்கும். "நாளைக்கி எவனாவது இத கேட்டா, அன்னிக்கி இப்டித்தான் இருந்திச்சின்னு தெரியணும். அழிக்க முடியக் கூடாது" என்பார்.

இனி தேசிங்குக்கு வருகிறேன். எங்கள் மில்லில் ஒப்பந்தத் தொழிலாளி. அவனும் கேன்டீனில் வேலை பார்த்த கோமதி அக்காவும் சேர்ந்ததுதான் 'கேன்டீன் சாம்பார்' குழு. தேசிங்கின் கிடாரில் மூன்று கம்பிகள் இருந்தன. அதுவும் பொன்னேரியில் ஒரு சர்ச் பாடகர் குழுவிடம் இரவல் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கே வேண்டும், வார நாளில்தான் தருவார்கள். கோமதி அக்காவின் வாத்தியம் அன்னக்கூடை, கேன்டீனில் சோறு கொட்டிவைக்கும் அலுமினியப் பாத்திரம். கவிழ்த்துப் போட்டு இரண்டு கரண்டியால் அடிப்பார். கேன்டீனில் சோற்றைக் கேட்டு யாராவது அதட்டினால் அதை மனதில் வைத்துக்கொண்டு அடிப்பார் என்பதால் தாளம் பிசகவே பிசகாது.

பதிவு ஒரு புதன்கிழமை. எனக்கு அன்று வார லீவு. கோமதி அக்கா மதியச் சோறு முடிந்து டீ தொடங்குவதற்குள் ஷேர் ஆட்டோவில் வந்துவிட்டார், மடியில் அன்னக்கூடையோடு. தேசிங்கு எப்படி லீவு வாங்கினான் என்று நான் கேட்கவில்லை. பாய் எழுதிக் கொடுத்ததைத் திருக்குறள்போல நிறுத்தி நிதானமாகப் படித்தேன்:

"வணக்கம். இது பேஜார் ரெக்கார்ட்ஸ். இன்று புதன்கிழமை, ஆடிப்பெருக்குக்கு மறுநாள், மதியம் மூன்று மணி. இடம், கும்மிடிப்பூண்டி பஜார், கருவாட்டுக் கிடங்கு. பாடுபவர் தேசிங்கு, ரோலிங் மில் ஒப்பந்தத் தொழிலாளி. அன்னக்கூடை, கோமதி. பின்னால் கேட்பது கூடூர் பக்கம் போகும் கூட்ஸ் வண்டி."

மறுநாள் டைம் ஆபீஸில் உட்கார்ந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. தேசிங்கு தன் தாய்மாமன் இறந்துவிட்டதாகச் சொல்லி லீவு வாங்கியிருந்தான். அவனையும் குறை சொல்ல முடியாது. அப்பா வழித் தாத்தா ஏற்கெனவே ஒரு பொங்கலுக்கும், அம்மா வழித் தாத்தா ஒரு கிரிக்கெட் மேட்சுக்கும் இறந்திருந்தார்கள். கையிருப்பில் மாமன்தான் இருந்தார். எங்கள் சூப்பர்வைசர் ஜெகநாதன் சார் இளகிய மனசுக்காரர். சாப்பாட்டு மணிக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தி ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்த வைத்திருக்கிறார். சாவு வீட்டுக்குப் போக மாலைகூடச் சொல்லிவிட்டாராம். அதற்குள் எடுத்துவிட்டார்கள் என்று தேசிங்கு போனில் சொன்னதால் மாலை நின்றது.

"மாமன் எப்டிபா போனாரு?" என்று அன்று அவர் தேசிங்கின் தோளைத் தொட்டுக் கேட்டதை நானே பார்த்தேன்.

"நெஞ்சு வலி சார். டீ குடிச்சிகினே இருந்தாரு. அப்டியே சாஞ்சிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கவலை ஏன் வரவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன். எதற்கும் முதல் ஆளாக வந்து நிற்கிற கவலை அன்றைக்குப் பார்த்து லீவில் போயிருந்தது.

அடுத்த வாரம் மில் வாசல் டீக்கடையில் டீக்குக் காத்திருந்தேன். டேப் ரெக்கார்டரிலிருந்து என் குரல் கேட்டது. "இன்று புதன்கிழமை, ஆடிப்பெருக்குக்கு மறுநாள்…" மாமன் செத்த அதே நாளில், மௌன அஞ்சலி நடந்த கொஞ்ச நேரத்தில், பஜாரில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தான் என்று பெயர், தொழில், மணி எல்லாவற்றையும் நல்ல உச்சரிப்பில் ஊருக்கே அறிவித்திருக்கிறேன். அதுவும் சூப்பர்வைசரைப் பற்றிய பாட்டு. இதில் இன்னொன்று இருந்தது. தேசிங்குக்கு ஐப்பசியில் கல்யாணம். வேலை பர்மனென்ட் ஆனால்தான் பெண் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். பர்மனென்ட் லிஸ்டை எழுதிக் கொடுப்பது ஜெகநாதன் சார்.

டீயைக் குடிக்காமலே பாய் கடைக்கு ஓடினேன். தேசிங்கும் கோமதி அக்காவும் வந்து சேர்ந்தார்கள்.

"இன்னா பாய் இது? மாமன் செத்த அன்னிக்கி பாட்டு பாடிகினு இருந்தேன்னு மைக்கு போட்டு சொல்லிகிறியே!" என்றான் தேசிங்கு.

"சொன்னது நான் இல்ல. அந்தம்மா."

"நீங்க எழுதிக் குடுத்தீங்க, நான் படிச்சேன்" என்றேன்.

"நான் பொய்யா எழுதினேன்? நீ பாடல? அன்னிக்கி புதன்கிழம இல்ல? கூட்ஸ் போவல?"

"எல்லாம் நெசம் பாய். அதான் பேஜாரே. அத அழிச்சிடு."

பாய் மாட்டேன் என்றார். பதிந்ததை அழித்தால் இது கம்பெனியே இல்லை என்றார். கோமதி அக்கா கரண்டியை எடுத்து அன்னக்கூடையில் ஒரு தட்டுத் தட்டினார். "ஏன் நைனா, உன் கம்பெனிய வெச்சி நீ இன்னொரு பாட்டு போட்டுக்கலாம். இவனுக்கு இன்னொரு பொண்ணு எவன் தருவான்? மூஞ்ச பாரு."

தேசிங்கின் முகத்தை பாய் பார்த்தார். பிறகு, அறிவிப்பை மட்டும் மாற்றிப் பதியலாம் என்று சொல்லி, கேசட் பதியும் டபுள் டெக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

பாய் அங்கங்கே விற்றிருந்த கேசட்டுகளைத் திரும்ப வாங்குவது லேசாக இல்லை. சலூனில் தர மாட்டேன் என்றார்கள்; இந்தப் பாட்டைப் போட்டுவிட்டால் முகம் மழிக்க வந்த வாடிக்கையாளர் ஆடாமல் உட்காருகிறாராம், சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர், "தரேன், ஆனா அந்த அனவுன்ஸ் பண்ற பொண்ணு யாருன்னு சொல்லு" என்றார். நான் பின் சீட்டில் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்த கேசட்டுகளில் இன்னொரு சிக்கல், எல்லாவற்றுக்கும் பாய் பல்லை உடைத்திருந்தார். ஓட்டையை அடைத்தால்தான் மேலே பதியும். காகிதத்தைச் சுருட்டித் திணித்தோம், நிற்கவில்லை. என் கைப்பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. காகிதத்துக்கு மேல் பெரிய சைஸ் பொட்டை ஒட்டி அழுத்தினேன். டெக்கின் பட்டன் உள்ளே போனது. ஒவ்வொரு கேசட்டுக்கும் இரண்டு பொட்டு. வேலை முடிந்தபோது அவை வரிசையாக மஞ்சள் குங்குமத்தோடு கல்யாணத்துக்குக் கிளம்பியவைபோல இருந்தன. அம்மா மட்டும், "இன்னாடி, வாங்கி நாலு நாள் ஆவல, பொட்டு அட்ட மொட்டையா கீது?" என்று கேட்டாள்.

புது அறிவிப்பை பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டே எழுதிக் கொடுத்தார்: "வணக்கம். இன்று ஒரு நாள். நேரம் ஒரு நேரம். இடம் ஓரிடம். பாடுபவர் ஒருவர்." உலகத்திலேயே இதைவிட உபயோகமில்லாத அறிவிப்பை யாரும் படித்திருக்க மாட்டார்கள். அதையும் நான் நல்ல உச்சரிப்போடுதான் படித்தேன்.

எல்லாம் வந்துவிட்டது என்று பாய் சொன்னார். பாயின் கணக்கு கருவாட்டு மூட்டைக் கணக்கு. ஒன்றிரண்டு எப்போதும் எங்கோ போய்விடும்.

இரண்டு நாள் கழித்து காலையில் கவரைப்பேட்டையில் கம்பெனி பஸ் ஏறினேன். ஏறியதுமே கருவாட்டு வாசனை. பேஜார் கேசட்டை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லலாம், அந்தக் கிடங்கில் கிடந்து அப்படி ஊறியிருக்கும். முன் சீட்டில் ஜெகநாதன் சார், திருநீறும் டிபன் கேரியருமாக. அவருக்குப் பின்னால் கோமதி அக்கா. டிரைவர் கையில் கேசட்.

"புது பாட்டு, கேளுங்க எல்லாரும்" என்று அவர் உள்ளே தள்ளினார்.

"வணக்கம். இது பேஜார் ரெக்கார்ட்ஸ். இன்று புதன்கிழமை…"

பழைய அறிவிப்பு! நான் என் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக ஒரு பொது இடத்தில் கத்தினேன். "அண்ணே, நிறுத்துங்க! வாந்தி வருது!"

பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்ததும் பாட்டும் அணைந்தது. நான் குதித்து இறங்கிச் சாலையோரம் குனிந்தேன். பொய்யாகத்தான் தொடங்கினேன், பயத்தில் நிஜமாகவே வந்துவிட்டது. முதுகைத் தடவிவிட எல்லோரும் இறங்கிய நேரத்தில் கோமதி அக்கா கேசட்டை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார். திரும்ப வண்டியில் ஏறியதும் டிரைவர் தேடினார்.

"எங்க அந்த கேசட்டு?"

"அதுக்கும் வாந்தி வந்திச்சி. எறங்கிப் போச்சி. வண்டிய எடு நைனா" என்றார் அக்கா. ஜெகநாதன் சார் எனக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார். அவர் மீசை ஏன் துடித்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கல்யாணமாகாத பெண் காலையில் வாந்தி எடுத்தால் ஒரு கம்பெனி பஸ் என்ன நினைக்கும் என்பதையும் நான் யோசிக்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் கேன்டீனில் என் தட்டில் மட்டும் ஊறுகாய் கூடுதலாக விழுந்தது. செய்தி எந்த வழியாகவோ அம்மாவுக்குப் போனது. அம்மா, "அன்னிக்கி நாஷ்டா இன்னா துன்ன?" என்று மட்டும் கேட்டாள். பிறகு என் ஜாதகத்தை எடுத்துத் தூசி தட்டினாள். என் கணவருக்கு இந்த விவரம் இன்றுவரை தெரியாது. தன் ஜாதகம் விசேஷமாகப் பொருந்தியதால்தான் அவசரப்பட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தேசிங்கு பர்மனென்ட் ஆனான். ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. ஜெகநாதன் சாருக்குத் தாம்பாளம் வைத்துப் பத்திரிகை கொடுத்து வந்திருந்தான். நானும் பாயும் பந்திக்கு அருகில் உட்கார்ந்திருந்தோம், ஜெயித்த மிதப்பில். அப்போது மேடையிலிருந்து ஐயர் உரக்கக் கேட்டார்: "மாப்பிள்ளைக்குப் பட்டம் கட்டணும். தாய்மாமன் வாங்கோ!"

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். இத்தனை பேர், இத்தனை பொட்டு, ஒரு வாந்தி. ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. கல்யாணத்தில் தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் ஒன்றும் நகராது. மாமன் எழுந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள். நெஞ்சு வலிக்கும் அவருக்கும் சம்பந்தமே இருக்க முடியாது. பட்டுச் சட்டையில் சீர்த்தட்டோடு நடந்து போய் எல்லோருக்கும் முன்னால் நின்றார். மேடையில் தேசிங்கு கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். பெண் அதை வெட்கம் என்று நினைத்திருப்பாள்.

முதல் வரிசையிலிருந்து ஜெகநாதன் சார் எழுந்தார். கையில் பெரிய ரோஜா மாலை. அதைப் பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ போடவில்லை. நேராக மாமன் கழுத்தில் போட்டார்.

"ஆடி மாசமே சொல்லி வெச்ச மால. அப்ப போட முடியல" என்றார்.

மாமனுக்கு ஒன்றும் புரியவில்லை. கும்பிட்டுச் சிரித்தார். ஜெகநாதன் சார் மாப்பிள்ளையின் பக்கம் குனிந்து, மேடை மைக்கில் விழும்படியே சொன்னார்: "ஏம்பா, நானும் அதே சாம்பார தான் துன்றேன். என் பாக்கெட்ல ஏது பருப்பு? மேனேஜர்னு மாத்தி பாடு."

பந்தியில் எங்களுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். சலூனில் முதல் வாரமே இரண்டு கேசட் வாங்கிவிட்டாராம். ஒன்று வீட்டுக்கு. "இன்னொன்ன டிரைவராண்ட குடுத்தது நான்தாம்மா. சும்மா உங்க மூஞ்சிங்க எப்டி போவுதுன்னு பாக்கலாம்னு. நீ வாந்தியே எடுப்பேன்னு எனக்கு இன்னா தெரியும்?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் மட்டும் சாப்பாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "சார், அப்போ உங்க ஊட்ல கீறது அழிக்காத கேசட்டா? பழைய அனவுன்ஸ்மென்ட்டோட? அது ஒண்ணுதான் சார் மிச்சம். குடுத்துடுங்க சார், கம்பெனிக்கி வேணும்."

"தர மாட்டேன் பாய். இவனுக்கு இன்னொரு மாமன் செத்தா எனக்கு சாட்சி வாணாம்?"

அவர் கடைசிவரை தரவில்லை. ஓய்வு பெற்று ஆர்.கே.பேட்டை பக்கம் சொந்த ஊருக்குப் போனபோது கேசட்டும் கூடவே போனது. இப்போது அவர் இல்லை. அவர் பிள்ளைகள் அதை என்ன செய்திருப்பார்கள்? நாம் நம் வீட்டுக் கேசட்டுகளை என்ன செய்தோமோ அதைத்தான். பொட்டு வைத்த கேசட்டுகளை பாயே ஒருநாள் எடைக்குப் போட்டுவிட்டார். "'ஒரு நாள், ஓரிடம், ஒருவர்'னு சொல்ற கேசட்ட வெச்சி யாருக்கு இன்னா தெரியப்போவுது?" என்றார். கொஞ்ச நாள் மெமரி கார்டில் சினிமாப் பாட்டு ஏற்றிக் கொடுத்தார், பிறகு பழவேற்காட்டுக்கே இறால் வியாபாரத்துக்குப் போய்விட்டார். கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட செல்போன் ஷோரூம். ரோலிங் மில்லை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போது சுவர் மட்டும் தெரிகிறது.

நேற்று கருவாட்டை வறுத்து இறக்கிவிட்டு என் மகளை மடியில் உட்காரவைத்து, "அந்தப் பாட்டைப் பாடு, அம்மா திட்ட மாட்டேன்" என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். என் மகள் அல்லவா. போனில் பதிவு பட்டனை அழுத்திவிட்டு, வாயருகே வைத்துக்கொண்டு தொடங்கினேன்.

"வணக்கம். இது பேஜார் ரெக்கார்ட்ஸ். இன்று வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. இடம் வேப்பம்பட்டு, இரண்டாவது மாடி. பாடுபவர் யாழினி, யூ.கே.ஜி. பின்னால் கேட்பது…"

நிறுத்திக் காது கொடுத்தேன். கருவாட்டுக்காக ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. கூட்ஸ் இல்லை, அன்னக்கூடை இல்லை, மில்லின் உறுமல் இல்லை. பாய் இருந்தால் உள்ளதைச் சொல் என்றிருப்பார்.

"பின்னால் கேட்பது ஃப்ரிட்ஜ்" என்றேன்.